பத்துமணிப்பூ: மட்டக்களப்பு, அம்பாறை மணல் வளவுகளுக்கான கேள்வி பதில்

வாகரையில் இருந்து பொத்துவில் வரை கரையோரம் நெடுக மணல் வளவுகள்தான். றோசாவுக்கு எரு போட்டுக் களைத்தவர்களும், செவ்வந்தி கோடையில் கருகுவதைப் பார்த்து மனம் விட்டவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த மண்ணில் கரைச்சல் இல்லாமல் என்னதான் பூக்கும்?" நான் சொல்வது பத்துமணிப்பூ. அதைச் சொன்னதும் அடுத்தடுத்து வரும் கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்தப் பூவைச் சொல்கிறீர்கள்? இந்தப் பெயரில் இரண்டு மூன்று செடி விற்கிறார்களே?

ஊசி மாதிரி ஒடுங்கி, ஆனால் சதைப்பிடிப்பாக உருண்டு இருக்கும் இலை. தரையோடு தரையாகப் படரும் செந்நிறத் தண்டு. உயரம் ஒரு சாண் வந்தாலே அதிகம், அகலம் ஓர் அடி வரை போகும். இலை தண்டோடு சேரும் இடத்தில் வெள்ளையாக மெல்லிய மயிர்க்கற்றை இருக்கும். கிட்டப் பார்த்தால் நன்றாகத் தெரியும். இதுதான் நான் சொல்லும் செடி. தாவரவியலில் போர்ட்டுலாக்கா கிராண்டிஃப்ளோரா என்பார்கள். தமிழ்நாட்டுக் காணொளிகளில் டேபிள் ரோஸ் என்று வருவதும் இதுதான்.

இப்போது பூக்கன்றுக் கடைகளில் தட்டையான, கரண்டி வடிவ இலையோடு ஒன்று தொங்கு சாடியில் வருகிறது. பூ ஒரே மாதிரி இருந்தாலும் அது வேறு இனம். அதன் காயைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று இருக்கும். அழகான செடிதான், ஆனால் கடையில் வரும் கலப்பு வகைகளைப் பெரும்பாலும் தடி வைத்துத்தான் பெருக்குகிறார்கள். தானாக விழுந்து முளைக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் உருண்டை இலைக்காரனைத் தேடுங்கள்.

இது எங்கள் ஊர்ப் பூதானா?

இல்லை. தென்னமெரிக்காவின் காட்டுப் பூ. ஆர்ஜென்ரினா, உருகுவே, பிரேசிலின் தென்பகுதி அதன் தாய்நிலம். ஜோன் கில்லீஸ் என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் ஆர்ஜென்ரினாவின் மென்டோசாப் பக்கம் இதைக் கண்டு சேகரித்தார். 1829 இல் வில்லியம் ஹூக்கர் இதற்கு அறிவியல் பெயர் வைத்து விவரித்தார். தெசாகுவாதேரோ ஆற்றின் மேற்குப் பக்கத்தில் நிலம் முழுவதும் ஊதாவாகத் தெரியும்படி பூத்துக் கிடந்தது, இடையிடையே செம்மஞ்சள் திட்டுகள் இருந்தன என்று அந்தக் காலத்துக் குறிப்பு சொல்கிறது. மண் இலேசான மணல்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. மென்டோசாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீற்றர் மழைதான் பெய்யும். மட்டக்களப்பில் 1,600 மில்லிமீற்றருக்கு மேல், அதுவும் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும். எங்கள் மணலும் வெயிலும் இந்தச் செடிக்குச் சொந்த வீடு. எங்கள் மாரிதான் அதற்குப் புதிது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தில் இருந்துதான் வருகின்றன.

மண் எப்படி இருக்க வேண்டும்? நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம்.

கடலோர எழுவான்கரை ஆட்களுக்குப் பதில் சுருக்கம்: கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, காரைதீவு, திருக்கோவில் பக்கத்து மணல் அப்படியே போதும். தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே இறங்கிவிடும் மண்தான் இதற்கு வேண்டும். இரண்டு கை பழைய மாட்டெரு கலந்தால் நல்லது, கலக்காவிட்டாலும் வளரும்.

படுவான்கரையில், வயலையொட்டிய களிமண் வளவில் கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்த மண் மழையில் சேறாகும், கோடையில் வெடிக்கும். இரண்டுமே இதன் மெல்லிய வேருக்கு ஆகாது. ஆழமாகக் கொத்தி மணல் கலப்பதைவிட, தரைக்கு மேலே ஒரு பாத்தி எழுப்புவது சுலபம். செங்கல்லோ தென்னங்குற்றியோ வைத்து அரை அடி உயரம் கட்டுங்கள். குருமணல் இரண்டு பங்கு, வளவு மண் ஒரு பங்கு, அதோடு கொஞ்சம் உமிக்கரி. கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கம் உமிக்கு எப்போதும் பஞ்சமில்லை. ஆலையில் கேட்டால் கருக்கிய உமியும் கிடைக்கும்.

கடற்கரை மணலை நேரே அள்ளி வந்து போட வேண்டாம். ஒரு மாரி முழுக்க மழையில் கழுவுப்பட்ட மணல் என்றால் பரவாயில்லை. உப்பைக் கொஞ்சம் தாங்கும் செடிதான், ஆனாலும் சின்ன நாற்றுக்கு அந்தத் தெம்பு இல்லை. தவிர, கரையில் மணல் அள்ளுவது கரையையே கெடுக்கும் வேலை.

எப்போது விதைப்பது?

தை பிற்பகுதியும் மாசியும்தான் மிக நல்ல காலம். மழை விலகியிருக்கும், மண்ணுக்குள் ஈரம் மிச்சம் இருக்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். விதைத்து ஒரு கிழமையில் இருந்து இரண்டு கிழமைக்குள் முளைக்கும். 6 முதல் 8 கிழமையில் முதல் பூ வரும். சித்திரைப் புத்தாண்டுக்கு முற்றத்து ஓரம் பூவாக இருக்க வேண்டும் என்றால் மாசி பிறக்கும்போது விதையுங்கள்.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியிலும் விதைக்கலாம், ஆனால் மேல்மணல் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்பதால் நாற்றுக்குக் காவல் இருக்க வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு விதைத்தால் விதை நட்டம்.

விதையை எப்படித் தூவுவது? தூசு மாதிரி இருக்கிறதே.

உண்மையிலேயே தூசுதான். ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 விதை இருக்கும். வெறும் கையால் தூவினால் ஒரே இடத்தில் கொட்டுப்படும். ஒரு சிட்டிகை விதையை ஒரு சிரட்டை காய்ந்த மணலோடு கலந்து, அந்த மணலைப் பாத்தியில் தூவுங்கள்.

விதைக்கு மேலே மண் போட்டு மூடாதீர்கள். இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். உள்ளங்கையால் மெதுவாக அழுத்திவிட்டால் போதும், விதையும் மண்ணும் ஒட்டிக்கொள்ளும். வாளியால் ஊற்றினால் எல்லாம் ஒரு மூலைக்கு அடித்துப் போய்விடும். போத்தல் மூடியில் ஊசியால் துளை போட்டுப் பன்னீர் தெளிப்பது மாதிரித் தெளியுங்கள். முளைக்கும் வரை மேல்மண் காயக் கூடாது. முளைத்து ஒரு விரல்கடை உயரம் வந்த பிறகு, தேங்காய் துருவி முடித்த கையோடு எட்டிப் பார்த்தால் போதும் என்ற அளவுக்கு அதற்குக் கவனம் குறைந்துவிடும்.

எறும்பு இருக்கும் இடம் என்றால் விதைத்த அன்றே விதையை இழுத்துப் போய்விடும். பாத்தியைச் சுற்றி அடுப்புச் சாம்பல் கோடு போடுங்கள்.

விதையை எங்கே எடுப்பது? பூ உதிர்ந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லையே.

பூ ஒரு நாள்தான் இருக்கும். மூடிய பிறகு இதழ்கள் ஈரத் திரியாகச் சுருண்டு காயின் மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதனால்தான் காய் கண்ணில் படுவதில்லை. இரண்டு மூன்று கிழமை பொறுத்திருங்கள். அந்தக் காய்ந்த சுருள் தானே கழன்று விழும். கீழே மிளகளவு உருண்டைக் காய், வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதை விரலால் இலேசாகத் தொட்டால் மேல்பாதி குங்குமச் சிமிழின் மூடி மாதிரிக் கழன்று வரும். உள்ளே ஈய நிறத்தில் மினுங்கும் விதைகள் கிண்ணம் நிறையக் கிடக்கும். ஒரு காயில் எத்தனை விதை என்று எண்ண நினைப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ண வேண்டும், ஊதினால் பறந்துவிடும்.

விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது காயைப் பறித்தால் விதை சிந்தாது. ஒரு வெள்ளைக் கடதாசியில் போட்டு இரண்டு நாள் நிழலில் காயவிடுங்கள். பிறகு கடதாசியில் மடித்துப் போத்தலில் போட்டு இறுக்க மூடி வையுங்கள். வறுத்து ஆறிய அரிசி ஒரு கரண்டி போத்தலின் அடியில் கிடந்தால் ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். எங்கள் மாரிக் காற்றில் இதைச் செய்யாத விதை பூஞ்சணம் பிடித்துவிடும்.

தடி நட்டாலே வருகிறதே, விதை எதற்கு?

வரும். ஒரு விரல் நீளத் தடியைக் கிள்ளி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, ஒரு நாள் நிழலில் வைத்துக் காயத்தை உலரவிட்டு மணலில் குத்தினால் ஒரு கிழமை பத்து நாளில் வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டு மாமியிடம் ஒரு தடி கேட்டு வாங்கி நடுவதுதான் இந்தப் பூ ஊரெல்லாம் பரவிய வழி. பிடித்த நிறம் மாறாமல் வேண்டும் என்றாலும், இதழ் அடுக்கடுக்கான வகை என்றாலும் தடிதான் சரி. அடுக்குப் பூவில் மகரந்தக் காம்புகளில் பல இதழாக மாறிவிடுவதால் விதை குறைவாகத்தான் கட்டும்.

ஆனால் தடியில் வந்த செடி தாய்ச்செடியின் மறுபதிப்பு. ஒரு நோய் வந்தால் அந்த வரிசை முழுவதும் ஒன்றாகப் போகும். விதையில் வந்த கூட்டத்தில் ஒன்று விழுந்தால் இன்னொன்று நிற்கும். மாரி தாண்டியும் வளவில் இந்தப் பூ இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு விதைதான் காப்புறுதி.

தானாக முளைக்கும் என்கிறார்கள். எங்கள் வளவில் ஒரு வருடம்கூட முளைத்ததில்லை.

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முற்றம் கூட்டுகிறீர்களா?

எங்கள் பக்கம் விடிந்ததும் முற்றம் கூட்டாத வீடு கிடையாது. ஈர்க்கு விளக்குமாற்றின் வரி மணலில் விழுந்தால்தான் வீடு வீடாகத் தெரியும், நல்ல பழக்கம்தான். ஆனால் பத்துமணிப்பூவின் விதை விழுந்து கிடப்பதும் வெளிச்சம் பட்டு முளைப்பதும் அந்த மேல்மணலில்தான். விளக்குமாறு வாரிக்கொண்டு போவதும் அதையேதான். விதை, முளை, இரண்டு இலை விட்ட நாற்று எல்லாம் சருகோடு சருகாகக் குப்பைக் கிடங்குக்குப் போய்விடுகின்றன. சில வீடுகளில் குப்பைக் கிடங்கின் ஓரத்தில் மட்டும் பத்துமணிப்பூ அமோகமாகப் பூத்து நிற்கும். காரணம் புரிகிறதல்லவா?

முற்றம் முழுவதையும் விட வேண்டாம். வெயில் விழும் ஒரு கீற்றைத் தேர்ந்தெடுங்கள். வேலியோரம், கேற்றில் இருந்து வாசல் வரை வரும் பாதையின் விளிம்பு, கிணற்றுக் கட்டின் கிழக்குப் பக்கம், எதுவானாலும் சரி. ஓர் அடி அகலம் போதும். செங்கல்லைச் சாய்வாகப் புதைத்தோ வெறும் போத்தல்களைக் கவிழ்த்துப் புதைத்தோ எல்லை போடுங்கள். எல்லை இருந்தால் விளக்குமாறு அங்கே தானாக நின்றுவிடும். வீட்டில் யார் கூட்டுகிறார்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் வேறொருவர் வந்து துப்புரவாக்கிவிட்டால் அந்த வருட நாற்று போச்சு.

அந்தக் கீற்றில் விழும் பெரிய சருகுகளைக் கையால் பொறுக்குங்கள். பலாச்சருகும் வேப்பஞ்சருகும் மூடிக் கிடந்தால் வெளிச்சம் போகாது.

இன்னொன்று, பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் முற்றத்தில் புதுமணல் பரப்புகிறோம். கீற்றின் மேல் பரப்பாதீர்கள். மூடிய விதை செத்துவிடாது, வெளிச்சம் கிடைக்கும் வரை உறங்கும். ஆனால் பூவுக்கு நீங்கள் காத்திருக்க நேரிடும். ஏற்கெனவே பரப்பிவிட்டால், மழை விட்டதும் முள்ளுக்கரண்டியால் மேலாக ஒரு தடவை கீறிவிடுங்கள்.

ஐப்பசியில் செடிகள் அழுகத் தொடங்கும்போது அவற்றைப் பிடுங்கி வீசும் முன் அதே கீற்றின் மேல் பிடித்து உதறுங்கள். மிச்சக் காய்களில் இருக்கும் விதை அங்கேயே விழட்டும். பிறகு மாரி முழுவதும் ஒன்றும் செய்ய வேண்டாம். மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் எறித்த பிறகு குனிந்து பாருங்கள்.

குனிந்து பார்த்தேன், நாற்று எது களை எது என்று தெரியவில்லை.

இரண்டு வித்திலையும் தடித்து, அரிசியைவிடச் சின்னதாக, ஒடுங்கி இருக்கும். தண்டு இளஞ்சிவப்பு. மூன்றாவது இலை உருண்டையாக வந்தால் பத்துமணிப்பூ. தட்டையாகக் கரண்டி வடிவில் வந்தால் அது அதன் ஒன்றுவிட்ட சகோதரமான, மஞ்சள் பூப் பூக்கும் பருப்புக்கீரை. அதைக் கோழிப்பசளை என்றும் சொல்வார்கள். அகன்ற வட்ட இலையும், சோடியில் ஒரு இலை பெரிது மற்றது சிறிது என்றும் இருந்தால் சாறணை. கோரையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, அதைக் கண்டதும் கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் ஒரு கிழமை விட்டுவையுங்கள். அவசரப்பட்டுப் பிடுங்குவதால்தான் நிறைய நாற்று போகிறது. நெருக்கமாக முளைத்திருந்தால் தேக்கரண்டியால் மண்ணோடு கெல்லி, ஒரு சாண் இடைவெளியில் பின்னேரம் நடலாம்.

தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை? எங்கள் கிணறு கொஞ்சம் உவர்.

தரையில் நன்றாகப் பிடித்த செடிக்குக் கோடையில் மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை போதும். இலையைத் தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் தண்ணீர் தேவையில்லை, சுருங்கித் தொய்ந்திருந்தால் ஊற்றுங்கள். இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேமிக்கும் செடி இது. கடும் வறட்சியில் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் காற்றை உள்ளே எடுக்கும் முறைக்கு மாறும் திறமையும் இதற்கு உண்டு. வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் மற்றச் செடி எல்லாம் தலை தொங்க, இது மட்டும் நிமிர்ந்து நிற்பதன் இரகசியம் அதுதான்.

இலேசான உவர்த் தண்ணீரைத் தாங்கும். வாவிக் கரையை அண்டிய கிணறுகளில் ஆவணி, புரட்டாதியில் உவர் ஏறும். அப்போது அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றாமல், இடைவெளி விட்டு நன்றாக ஊற்றுங்கள், உப்பு வேருக்குக் கீழே இறங்கிவிடும். வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீர் என்றால் வேண்டாம்.

உரம்?

யூரியா போடாதீர்கள். இலை கொழுத்து, தண்டு நீண்டு, பூ குறையும். நடும்போது போட்ட எருவோடு விட்டுவிடுங்கள்.

மொட்டு நிறைய இருக்கிறது, பூ விரியவே இல்லை.

வெயில் போதவில்லை. நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் வேண்டும். மாமர நிழலில், கூரைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தால் மொட்டு வரும், விரியாது. மூட்டம் போட்ட நாளில் நல்ல இடத்தில் இருக்கும் செடிகூடப் பூவைத் திறக்காது, அதற்காக இடம் மாற்ற வேண்டாம்.

கிழக்குக் கரையில் எங்களுக்குச் சூரியன் வெள்ளென வந்துவிடுவதால் மறைப்பு இல்லாத இடத்தில் ஒன்பது மணிக்கே விரிந்துவிடும். பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குள் மூடும். வேலைக்குப் போய் அந்தி சாய்ந்து திரும்புகிறவர்கள் சனி, ஞாயிறில்தான் பார்க்கலாம் என்பது உண்மையிலேயே கவலையான விஷயம். புதிய கலப்பு வகைகள் சில கொஞ்சம் பிந்தி மூடும்.

சிவப்பு மட்டும்தான் நட்டேன். இந்த வருடம் இளஞ்சிவப்பும் மஞ்சளும் வந்திருக்கிறதே?

தேனீயின் வேலை. பக்கத்து வளவில் மஞ்சள் இருந்தால் அதன் மகரந்தம் உங்கள் சிவப்புக்கு வந்திருக்கும். கடையில் வாங்கிய கலப்பு விதை என்றால் வெளிக் கலப்பு இல்லாமலே அடுத்த தலைமுறையில் நிறம் பிரிந்து வரும்.

இந்தப் பூவின் நிறம் வருவது பீற்றூட்டைச் சிவப்பாக்கும் அதே வகை நிறமிகளில் இருந்து. பீற்றாலெயின் என்று பெயர். அதில் சிவப்பு, ஊதாப் பக்கம் ஒரு வகை, மஞ்சள் பக்கம் இன்னொரு வகை. இரண்டும் கலக்கும் அளவைப் பொறுத்துச் செம்மஞ்சளும் இடைநிறங்களும் வரும். நிறம் எப்படித் தலைமுறைக்குக் கடத்தப்படுகிறது என்று ஆராய விஞ்ஞானிகள் இந்தச் செடியையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

எனக்குக் கலந்து வருவதுதான் பிடிக்கும். ஒரே நிறம் வேண்டுமென்றால் வேறு நிறத்தில் முதல் பூ விரிந்த அன்றே அந்தச் செடியைப் பிடுங்கிச் சாடிக்கு மாற்றுங்கள்.

தேனீ வருமா?

காலையில் போய் நின்று பாருங்கள். கொசுத்தேனீ என்கிறோமே, கொட்டாத சின்னத் தேனீ, அது பூவுக்குள் விழுந்து புரளும். அந்த நேரம் ஓர் ஈர்க்கு நுனியால் பூவின் நடுவில் உள்ள மஞ்சள் மகரந்தக் காம்புகளை ஒரு பக்கமாகத் தொடுங்கள். தொட்ட பக்கம் நோக்கி அவை மெதுவாக வளைந்து வரும். வந்து இறங்கிய பூச்சியின் உடம்பில் மகரந்தம் பூசத்தான் இந்த ஏற்பாடு. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். வளவில் பாகலோ பூசணியோ கத்தரியோ இருந்தால் இந்தத் தேனீக் கூட்டம் அங்கேயும் எட்டிப் பார்க்கும்.

மாரியில் அழுகிப் போகிறதே, காப்பாற்ற முடியாதா?

தரையில் உள்ளதைக் காப்பாற்ற மினக்கெட வேண்டாம். இது ஒரு பருவச் செடி. எங்கள் சூட்டில் அதன் ஆயுள் கொஞ்சம் நீளலாம், ஆனால் மாரி வந்தால் தண்டின் அடி கறுத்து, நீர்கோத்துச் சாய்ந்துவிடும்.

செய்ய வேண்டியது புரட்டாதிக் கடைசியில். நல்ல செடிகளில் இருந்து தடி கிள்ளி ஒரு சாடியில் நட்டு, மழைச்சாரல் படாத, ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில் வையுங்கள். பூக்காது, உயிரோடு இருக்கும். விதைப் போத்தல் ஒன்று அலுமாரியில் இருக்கட்டும். நிலத்தில் விழுந்தது நிலத்தில் கிடக்கட்டும். வெள்ளம் நின்று வடியும் வளவுகளில் விதையே அடித்துப் போவதுண்டு, அங்கே போத்தலில் உள்ளதுதான் கைகொடுக்கும்.

கோடை நடுவில் செடி நீண்டு நடுவில் மொட்டையாகத் தெரிந்தால் அதுவேறு விஷயம். பாதிக்கு வெட்டிவிடுங்கள், மூன்று கிழமையில் திரும்பப் பூக்கும்.

பூச்சி, நத்தை?

கணுக்களில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப் பூச்சி. கொஞ்சமாக இருக்கும்போதே அந்தக் கொப்பை நறுக்கி எரித்துவிடுங்கள். பரவியிருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் சில துளி வேப்பெண்ணெய் கலந்து பின்னேரத்தில் தெளியுங்கள். இலையில் வெண்கொப்புளம் வந்தால் அது பூஞ்சண நோய், செடியைப் பிடுங்குங்கள்.

மழைக்காலத்துப் பெரிய நத்தை ஒரே இரவில் ஒரு பாத்தியை முடிக்கும். இரவில் லைற் அடித்துப் பொறுக்குவதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. வெறும் கையால் தொடாதீர்கள், பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பாத்தியில் உப்பைக் கொட்டினால் நத்தையோடு மண்ணும் போகும்.

கோழியும் ஆடும் இருக்கிற வளவு. பிள்ளைகள் வாயில் வைத்தால்?

கோழி தின்பதைவிடக் கிளறுவதுதான் தொல்லை. நாற்றுப் பருவத்தில் பழைய மீன்வலைத் துண்டை மேலே விரித்துவிடுங்கள், எங்கள் ஊர்களில் அதற்குத் தட்டுப்பாடு இல்லை. ஆடு வந்தால் முளைவரை தின்னும். இந்தச் செடியில் ஒட்சலேற்று உப்புகள் இருப்பதால் ஆடோ, பூனையோ, நாயோ அதிகம் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை ஒரு இதழைச் சப்பியதற்காகப் பயப்பட வேண்டாம், வாயைக் கழுவிவிடுங்கள். கறிக்கு என்றால் பருப்புக்கீரையைப் பறியுங்கள், பூவுக்கு வளர்த்ததைச் சட்டிக்குள் போட வேண்டாம். பூக்கன்றுக் கடையில் வந்ததற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சாமிப் படத்துக்கு வைக்கலாமா?

வைக்க ஆசைதான். பறித்த கையோடு வாடிவிடும். அதற்கு நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் இருக்கின்றன.

இடமில்லை, சாடியில் வளர்க்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

ஆழம் தேவையில்லை, அகலம் வேண்டும். உடைந்த மண்சட்டி, அறுத்த எண்ணெய்க் கான், பழைய ரயர் எல்லாம் சரி. அடியில் துளை கட்டாயம். சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். இந்தச் செடிக்கு அந்தத் தண்ணீர் கெடுதி, டெங்கு நுளம்புக்கோ அது தொட்டில். மட்டக்களப்பில் மழை தொடங்கினால் டெங்கு எப்படிப் பரவுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ரயரில் நடுவதானால் உள்மடிப்பில் தண்ணீர் தேங்காமல் கீழ்ப்பக்கம் நாலைந்து துளை போட்டு, மண்ணை மடிப்புக்குள்ளும் நிரப்புங்கள்.

சாடிச் செடிக்குக் கோடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வேண்டிவரும்.

இப்படித் தானாக முளைத்தால் வளவையே மூடிவிடாதா?

மூடாது. நிழல் விழும் இடத்துக்குப் போகாது, உயரமான புல்லோடு போட்டி போட முடியாது, பிடித்து இழுத்தால் வேரோடு வரும். விதையும் தாய்ச்செடியைச் சுற்றி ஒரு முழத்துக்குள்தான் விழும். மழைத் தண்ணீர் ஓடும் வழியில் கொஞ்சத் தூரம் போகும். விரும்பாத இடத்தில் முளைத்ததை விளக்குமாறே பார்த்துக்கொள்ளும்.

கடற்கரை விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்துவைத்திருக்கும் மணல்மேடுகள் எங்கள் கரைக்குக் காவல். வளவில் வெட்டிய பத்துமணிப்பூத் தடிகளை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மணலில் விழுந்த தடி வேர்விடும், காய் இருந்தால் விதையும் சிந்தும். அந்த இடம் அடம்பனுக்கும் இராவணன் மீசைக்கும் உரியது. வெட்டிய தடிகளைச் சிமெந்துத் தரையிலோ தகரத்திலோ பரப்பி, மொறுமொறு என்று காயும் வரை வெயிலில் போட்டு, அதன் பிறகு பசளைக் கிடங்கில் போடுங்கள். பச்சையாகப் போட்டால் அங்கேயும் வேர்விட்டு முளைத்துக்கொண்டு நிற்கும்.